ரங்கூன் ஈரத்தில் ஆறு வருடம்: மாமாவின் ஹீலியோஸ்

கப்பலில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்த செனித் கேமராவின் ஷட்டர் எப்போதோ செத்துவிட்டது. முன்னால் மாட்டியிருந்த லென்ஸ் மட்டும் பிழைத்துக்கொண்டது. ஹீலியோஸ் 44-2, 58 மில்லிமீட்டர், எஃப் 2 (இந்த எண் சின்னதாக ஆக, லென்ஸுக்குள் வெளிச்சம் அதிகம்). சீரியல் எண் 79 என்று தொடங்குகிறது. அந்தக் காலத்துச் சோவியத் லென்ஸ்களில் பெரும்பாலும் முதல் இரண்டு எண்தான் தயாரான வருடம். அதாவது என்னைவிட மூத்தது. இதன் எம்42 திருகைப் புதுக் கேமராவில் பொருத்தும் அடாப்டர் ஒன்று வாங்கி என் மிர்ரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் மாட்டி ஆறு வருடம் ஆகிறது.

இந்த லென்ஸ் என்றாலே எல்லாரும் கேட்பது மங்கலான பின்னணி ஆளைச் சுற்றி வட்டமாகச் சுழல்கிற மாதிரி தெரிவதைப் பற்றித்தான். எனக்கும் அந்த ஆசைதான். ஆனால் சுழல் தெரிவது படத்தின் ஓரங்களில். என்னுடையது ஏபிஎஸ்-சி, ஃபிலிமைவிடச் சின்ன சென்சார், ஓரத்தையெல்லாம் வெட்டிவிடும். இங்கே ரங்கூன் மகாபந்துலா பூங்காவில் ஆளை ஒன்றரை மீட்டரில் நிறுத்தி, பின்னால் நாலைந்து மீட்டர் தள்ளி வெயில் சொட்டும் இலைகள் இருந்தால் லேசாகச் சுழலும். ஆறு வருடத்தில் அப்படி உருப்படியாக வந்தது பத்துப் படம் இருக்கும். சுழலுக்காக மட்டும் வாங்குகிறவர்கள் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமரா இருந்தால் வாங்குங்கள்.

கையில் பழக ஒரு மாதமாவது வேண்டும். கேமராவுக்கு லென்ஸ் மாட்டியிருப்பதே தெரியாது. மெனுவில் போய் ‘லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும்’ என்று வைக்காவிட்டால் படமே எடுக்காது. வெளிச்சம் நுழையும் துளையான அபர்ச்சருக்கு இரண்டு வளையம்: ஒன்று எல்லையைக் குறிக்கும், மற்றது சத்தமில்லாமல் அதுவரை வழுக்கிப் போகும். ஃபோகஸ் முழுக்க நம் கை. எஃப் 2-ல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக இருப்பது சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கண்ணில் வைத்தால் காது போய்விடும். ஓடுகிற பிள்ளைகளை எடுக்க இது ஆகாது. அக்கா மகனின் முதல் இரண்டு பிறந்தநாளும் எனக்கு மங்கல்தான். ஊரைச் சுற்றிவரும் ரயில் பெட்டிக்குள்ளும் சரிப்படாது. என் கேமராவில் இது 87 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி குறுகிய கோணம், எதிர் இருக்கையில் இருப்பவரின் மூக்குதான் வரும். அதற்கு செல்போனே போதும்.

இந்த லென்ஸ் எனக்கு வேலைக்கு ஆனது கரண்ட் போன பிறகுதான். இங்கே மின்வெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம், மணிக்கணக்கில் போய்விடும். ஒரு ராத்திரி அத்தை மெழுகுவத்தி வெளிச்சத்தில் சோறு போட உட்கார்ந்தார். “அத்தை, கொஞ்சம் அசையாம இருங்க.” “சோறு ஆறுதுடா, சீக்கிரம் எடு.” ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்வு) 3200, எஃப் 2, நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கன்னத்தில் காய்ந்த தனக்காவின் (இங்கே முகத்தில் பூசும் மரப்பட்டை அரைப்பு) வரிவரியான பூச்சுகூட வந்திருந்தது. மெழுகுவத்தியை இரண்டடியிலிருந்து ஓரடிக்கு நகர்த்தினால் வெளிச்சம் நாலு மடங்கு. ஐஎஸ்ஓவை ஏற்றுவதைவிட அது மலிவு. மறுபக்க நிழலை நிரப்ப எவர்சில்வர் தாம்பாளத்தைப் பிடித்தால் முகத்தில் கத்தி மாதிரி ஒரு கோடு விழுகிறது. வெள்ளைத் துண்டுதான் சரி.

ஜெனரேட்டரில் எரியும் எல்இடி விளக்குகளில் வேறு தொல்லை. சாதாரணக் கரண்டில் விளக்கு நொடிக்கு நூறு தடவை மினுக்கும். ஷட்டரை நொடியில் ஐம்பதில் ஒரு பங்கிலோ நூறில் ஒரு பங்கிலோ வைத்தால் படத்தில் பட்டை விழாது. ஜெனரேட்டர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அதனால் அந்தக் கணக்கு தப்பிவிடும். ஒரு கல்யாண வரவேற்பில் மணப்பெண் முகத்தில் பழுப்புப் பட்டைகளோடு நாற்பது படம் எடுத்தேன். அதற்கப்புறம் பேட்டரி விளக்கைக் கூடவே கொண்டுபோகிறேன். அதன் முன்னால் பத்தேன் ஊரில் செய்யும் துணிக்குடை ஒன்றை விரித்துப் பிடித்தால் வெளிச்சம் பஞ்சாகிவிடும். முதலில் வாங்கியது காவி நிறம். எல்லாருக்கும் மஞ்சள்காமாலை வந்த மாதிரி இருந்தது. இப்போது வெள்ளைக் குடை.

பூமிதியில் இந்த லென்ஸை ஏன் மாட்டினேன் என்று ஒவ்வொரு வருடமும் திட்டிக்கொள்வேன். தீக்கங்கின் வெளிச்சம் நேரே விழுந்தால் படம் முழுக்க வெண்புகை படர்ந்த மாதிரி வெளுத்துவிடும்; கண்ணாடி மேலிருக்கும் பழைய பூச்சு, அவ்வளவுதான் தாங்கும். ஓர வெளிச்சத்தை மறைக்கும் 49 மில்லிமீட்டர் ரப்பர் ஹூட் மாட்டினால் பாதி சரியாகும். ஆனால் கங்கைத் தாண்டி வருகிறவரின் தோளில் ஒட்டியிருக்கும் விபூதி அந்த வெளுப்பில் வேறு மாதிரி எரிகிறது. அதற்காகத்தான் மறுபடியும் மாட்டுகிறேன் போலிருக்கிறது. தெருவில் கேமரா தூக்குவது இப்போது பழைய மாதிரி இல்லை. அரசாங்கக் கட்டடம் பக்கம் லென்ஸைத் திருப்புவதே கிடையாது. அதனால் கோயிலும் வீடும்தான் என் களம்.

பெரிய எதிரி மழைதான். வைகாசியில் பிடித்தால் ஐப்பசிவரை விடாது. இரண்டாவது மழைக்காலத்தில் பின்கண்ணாடியின் உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை ஓடியிருந்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் சுத்தமாகத்தான் துடைத்தார்கள், மாட்டும்போது முன்கண்ணாடியைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். நடுவில் மட்டும் ஓரளவு தெளிவு, சுற்றிலும் எண்ணெய் தடவினாற்போல் இழுவை. லென்ஸ் தொலைந்தது என்று நினைத்தேன். சில பேர் வேண்டுமென்றே இப்படித் திருப்பி மாட்டுவார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நானும் இரண்டு மாதம் அப்படியே வைத்து விளையாடிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே திருப்பி மாட்டினேன்.

ஈரம் போக்கும் அலமாரி, டிரை கேபினெட், வாங்கலாம், ஆனால் அதற்கும் கரண்ட் வேண்டுமே. ரப்பர் வளையம் போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். ஐம்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி. ஜெல் நீலத்திலிருந்து ரோஸுக்கு மாறினால் வாணலியில் சிறு தீயில் வறுத்தால் திரும்ப நீலமாகும். நீலச் சாயம் உடம்புக்கு ஆகாது, அதனால் சமையல் வாணலி கூடவே கூடாது. இதைத் தெரியாமல் ஒரு தடவை அத்தையின் அப்பள வாணலியை எடுத்துவிட்டேன். அந்த வாணலி இப்போது என்னுடையது. நேற்றுப் பார்த்தேன், மீட்டர் 58, ஜெல் முக்கால்வாசி ரோஸ். கரண்ட் வந்ததும் வறுக்க வேண்டும்.