நிகோடின் சூயிங்கம்: மூன்று வாரம் மென்று பார்த்ததில்

குடியை விட்டு 14 மாசம், சிகரெட்டை விட்டு 3 வாரம். எழுந்த அரை மணிக்குள் பற்றவைக்கிற ஆள் என்பதால் சிகரெட் ஏக்கத்தை அடக்கும் இந்தக் கம்மில் வீரியம் கூடிய 4 மி.கி. வாங்கினேன். முதல் நாள் பபிள்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கித் தொலைத்தேன், விக்கல் நிற்கவேயில்லை. மெதுவாக மென்று, நாக்கில் சுருக்கென்று காரம் ஏறியதும் கன்னத்தோரம் ஒதுக்கிவிடணும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். ஒரு கம் அரை மணி தாங்கும். காபி குடித்த கையோடு போட்டால் சரியாக வேலை செய்யாது, கால் மணி பொறுக்கணும்.

ருசி? அட்டையில் புதினா என்கிறார்கள், எனக்கென்னவோ மிளகுத்தூள் தடவிய ரப்பர்.

சாயங்காலம் 7 மணிதான் கண்டம். முன்பு கிளாஸும் சிகரெட்டும் ஜோடியாக வந்த நேரம். சிகரெட்டை விட்டால் குடி திரும்பிவிடுமோ என்று பயந்தேன், இதுவரை இல்லை. கை மட்டும் சட்டைப்பையைத் தடவுகிறது. அட்டையைப் பிரிப்பதற்குள் நகம் போச்சு.