கட்டிலுக்கடியில் ஓடும் ரோலர்: இரண்டரை வருட அனுபவம்

"சார், ஏதோ உருளை மேல படுத்து உருளுறீங்களாமே, இப்ப விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கும் வேலை எனக்கு. மாலையில் கெண்டைக்கால் இரண்டும் கட்டை போல இறுகிவிடும். முதலில் போனது ஒரு பிசியோதெரபிஸ்டிடம். அவர் செய்தது மயோஃபேசியல் ரிலீஸ் என்கிற, கையால் அழுத்தி இளக்கும் சிகிச்சை. எண்ணெய் கிடையாது. எண்ணெய் போட்டால் கை வழுக்கும், தோலோடு சேர்த்து அடியில் தசையைச் சுற்றியிருக்கும் படலத்தைப் பிடிக்க முடியாது என்றார். ஒரே இடத்தில் ஒன்றரை, இரண்டு நிமிடம் அழுத்திக்கொண்டு சும்மா இருப்பார். சுளுக்கு வழிப்பவரிடம் 'மடக்' சத்தம் கேட்டே பழகிய எனக்கு, இதற்கா காசு என்றிருந்தது. எழுந்து நடந்தபோதுதான் கால் லேசாகியிருப்பது தெரிந்தது. ஆறு தடவை போன பிறகு, வீட்டிலேயே செய்துகொள்ள ஃபோம் ரோலர், அதாவது காலை மேலே வைத்து உருட்டும் கெட்டி நுரை உருளை, வாங்கச் சொன்னார்.

முதல் மாதம் சப்பாத்தி தேய்ப்பது போல வேகவேகமாக உருட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. மெதுவாக நகர்ந்து, வலிக்கும் இடம் வந்ததும் அரை நிமிடமாவது அப்படியே நிற்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. தொடையின் வெளிப்பக்கம் உருட்டிக் கண்ணீர் விட்டதெல்லாம் வீண். அங்கே இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை ஓடும் பட்டை தடித்தது. நம் எடைக்கெல்லாம் நீளாது. கெண்டைக்காலில் கிடைக்கும் இளக்கமும் அரை மணி நேரம் தாண்டாது. தசை ஒன்றும் மாறிவிடவில்லை, நரம்புகள் கொஞ்சம் சமாதானமாகின்றன என்றுதான் விளக்குகிறார்கள். அதனால் அந்த அரை மணிக்குள் மாடிப்படியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கிவிடுவேன். இப்போது காலையில் படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதில்லை. நரம்புச் சுருட்டல் (வெரிகோஸ் வெயின், காலில் ரத்தக் குழாய் புடைத்துச் சுருண்டிருப்பது) இருப்பவர்கள் அதன் மேல் உருட்டக் கூடாது. நின்றே வேலை பார்க்கும் நம் கூட்டத்தில் அது நிறையப் பேருக்கு உண்டு, முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ரோலர் இன்னும் அமுங்கவில்லை, பிய்யவில்லை. சரி, ஆனால் உருண்டையாக இருக்கிறதே! எங்கள் வீட்டுத் தரை கழுவிவிடுவதற்காகக் கொஞ்சம் சரித்துப் போட்டது. காலை எடுத்த மறுநொடி நேராகக் கட்டிலுக்கடியில் போய்விடும். இரண்டரை வருடமாக ஒட்டடைக் குச்சியோடு குப்புறப் படுத்துத் துழாவுகிறேன். ஒரு பக்கம் தட்டையாகச் செதுக்கி வைக்க அந்த கம்பெனியில் ஒருவருக்குமா தோன்றவில்லை? நேற்று அப்படித் துழாவியதில் கால் இளகி முதுகு பிடித்துக்கொண்டது.

அதனால் சார், வாங்காதீர்கள்.

விலை நிஜமாகவே இறங்கியிருந்தால் எனக்கு மட்டும் இன்னொன்று போட்டுவிடுங்கள். ஆசிரியர் அறையில் வைத்துக்கொள்கிறேன், அங்கே தரை மட்டமாக இருக்கிறது.