மைனருக்கு விட்ஸ் றிம் பொருந்துமா?

அப்பாவின் மோரிஸ் மைனரை மறுபடி ஓட வைத்தபோது, இஞ்சினைவிட நான் அதிகம் அலைந்தது றிம்முக்காகத்தான். நெடுநாள் கொட்டிலில் நின்றதில் இரண்டு றிம்கள் உக்கிப்போயிருந்தன. மூன்று வழி இருந்தது: விட்ஸ், வாகன்-ஆர் கார்களுக்கு விற்கும் அலோய் (உலோகக் கலவை) றிம்மை அப்படியே பூட்டுவது, இடையில் அடாப்டர் (இரண்டு அளவையும் இணைக்கும் தட்டு) வைத்துப் பூட்டுவது, மைனரின் சொந்த இரும்பு றிம்மையே தேடி எடுப்பது. நான் மூன்றாவதைத்தான் செய்தேன்.

அழகிலும் விலையிலும் அலோய் முந்தும். யாழ்ப்பாணத்தில் தேடாமலே கிடைக்கும். அதில் வாதமே இல்லை.

சிக்கல் ஸ்டட் வட்டத்தில் இருக்கிறது, அதாவது றிம்மைப் பூட்ட நீட்டி நிற்கும் திருகாணிகளின் நடுப்புள்ளிகள் வழியே போகும் வட்டத்தின் விட்டத்தில். மைனரில் நான்கு ஸ்டட்டுகள் 4 அங்குல வட்டத்தில் நிற்கின்றன, அதாவது 101.6 மில்லிமீற்றர். விட்ஸிலும் வாகன்-ஆரிலும் அது 100. வித்தியாசம் 1.6 தானே என்று தோன்றும். கடையில் நின்ற தம்பியும், "அண்ணை, நாலும் உள்ளுக்குப் போகுது பாருங்கோ, பிறகென்ன?" என்றார். உண்மையில் போனது. மைனரின் ஸ்டட் 3/8 அங்குலம், 9.5 மில்லிமீற்றர்தான். புதிய கார்களின் ஸ்டட் 12. தடித்த ஸ்டட்டுக்குத் துளைத்த ஓட்டைக்குள் மெல்லிய ஸ்டட் தட்டாமல் போய்விடும். போவது பொருந்துவது ஆகாது.

இங்கே றிம்மை நடுவில் நிறுத்துவது நட்டின் கூம்பு முனைதான். ஒவ்வொரு ஸ்டட்டும் 0.8 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நின்றால் கூம்பு முழுதாகப் பதியாது. இறுக்கிவிட்டுக் கழற்றிப் பார்த்தேன்: ஓட்டையின் விளிம்பில் முழு வட்டத் தடம் இல்லை, ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி மினுங்கியது. அந்தப் பிறையில்தான் முழுப் பாரமும். ஸ்டட் வளைந்தபடி ஓடும், நட் மெல்லத் தளரும். அன்றே கழற்றித் திருப்பிக் கொடுத்தேன்.

அடாப்டர் இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் அதன் தடிப்பு அளவுக்குச் சில்லு வெளியே வரும், பெயரிங்குக்குப் பாரம் கூடும், இறுக்கிப் பார்க்க வேண்டிய நட்டுகளும் இரட்டிப்பாகும். நான் பூட்டி ஓட்டியதில்லை; நல்ல லேத்தில் கடைந்த அடாப்டரோடு ஓடுபவர்கள் வேறுவிதமாகச் சொல்லக்கூடும்.

வாங்கப் போகும்போது வேணியர் (நுண்ணளவு பார்க்கும் கருவி) கொண்டு போங்கள், இந்த வித்தியாசம் அளவு நாடாவில் தெரியாது. ஒரு ஸ்டட்டின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஸ்டட்டின் உள் விளிம்பு வரை அளந்தால் அதுதான் வட்டத்தின் அளவு. றிம்மில் என்றால் பக்கத்துப் பக்கத்து ஓட்டைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு: 70.7 வந்தால் 100, 71.8 வந்தால் 101.6, 80.8 வந்தால் 114.3. பழைய கேஈ70 கொரோலாவும் மாருதி 800உம் இந்தக் கடைசி அளவு, ஆகவே பழைய கார் எல்லாம் ஒரே அளவு என்று நம்ப வேண்டாம். புதியதிலும் கவனம் வேண்டும். விட்ஸ் றிம் வாகன்-ஆரில் பொருந்தும், ஆனால் ரொயோட்டா (விட்ஸ்) நட்டின் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர், சுசுகியினது (வாகன்-ஆர்) 1.25. மாற்றிப் போட்டு இறுக்கினால் புரி போய்விடும்.

எனக்கு றிம் கிடைத்தது அச்சுவேலியில் ஒரு வீட்டுக் கிணற்றடியில், கல்லுக்கு முட்டாக. லேத்தில் சுழற்றி நெளிவு பார்த்து, துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடித்தேன். ரயர்தான் தொல்லை. வாகன்-ஆரின் 155/65 ஆர் 14 சுலபமாகக் கிடைத்தாலும் மைனரின் பழைய ரயரைவிடச் சில சென்ரிமீற்றர் குள்ளம்; வண்டி தாழும், வேகமானியும் கூட்டிக் காட்டும். அதைவிட உயரமான 155 ஆர் 14 ரயரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன், காத்திருந்தது ஒன்றரை மாதம். பூட்டியபின் பருத்தித்துறை வரை போய்வந்து நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.