மான் மோதினால் காப்பாற்றும் என்று விற்ற கம்பி, ரேடியேட்டரைக் குத்தியது

வண்டியின் முன்னால் பளபளவென்று ஒரு கார்டு (பம்பருக்கு முன்னால் மாட்டும் கம்பிச் சட்டம், புல் பார் என்பார்கள்) மாட்டலாம் என்று நினைப்பவர்கள், அதிலும் மான் குறுக்கே வரும் சாலையில் தினமும் போய் வருபவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கொடுத்துவிட்டுப் படித்தவன்.

வேலை முடிந்து திரும்பும் வழியில் பன்னிரண்டு கிலோமீட்டர் காட்டை ஒட்டிய சாலை. மான்கள் அதிகம் நடமாடுவது விடியும்போதும் பொழுது சாயும்போதும்தான். நான் போவதும் வருவதும் சரியாக அந்த நேரங்களில். கூட வேலை பார்ப்பவரின் வண்டி மான் மோதி, ஒரு பக்க ஹெட்லைட்டும் பானெட்டும் நசுங்கி நின்றதைப் பார்த்த அதே வாரம் நான் அக்சஸரி கடைக்குப் போய்விட்டேன். பயத்தோடு கடைக்குப் போகிறவனைக் கடைக்காரர்கள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"மான் என்ன சார், மாடே மோதினாலும் வண்டியில ஒரு கீறல் விழாது" என்றார். எவர்சில்வர் கார்டை விரலால் தட்டிக் காட்டினார். டங்கென்று கேட்டது. அந்தச் சத்தத்தையே நான் உறுதிக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். உள்ளே காலியாக இருக்கும் பைப்தான் அப்படிச் சத்தம் போடும் என்பது பிறகுதான் உறைத்தது.

எதில் மாட்டுவீர்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்பதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். "சேஸிஸ்லதான் சார்" என்றார், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில். நான் குனிந்து பார்க்கவில்லை. கூடவே, காற்று பட்டால் ஊதி மானை விரட்டும் என்று இரண்டு சின்ன விசில்களை இனாமாகப் பம்பரில் ஒட்டிக் கொடுத்தார்.

வண்டியை வெளியே எடுத்ததும் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. முன்பக்க சென்சார் மறைக்கப்பட்டிருக்கிறதாம். கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் ரேடாருக்கு நேர் எதிரே கார்டின் நடுக்கம்பி. திரும்பிப் போய்ச் சொன்னால், "அது ஒண்ணுமில்ல சார், ஒரு ஃபியூஸைக் கழட்டிட்டா விளக்கு அணைஞ்சிடும்" என்றார். கழற்றினார்; அணைந்தது. அதற்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். அந்த ரேடார் மானைக் கண்டு வண்டியை நிறுத்தும் என்று உறுதி இல்லைதான். ஆனால் முன்னால் போகிற வண்டி திடீரென்று நின்றால் பிரேக் போட்டுக்கொடுப்பது அதுதான். இல்லாத பாதுகாப்பு ஒன்றை வாங்குவதற்காக இருந்த பாதுகாப்பைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நாலு மாதம் கழித்து மோதியது. இருட்டுகிற நேரம். ஒரு மான் சாலையைக் கடந்தது, வேகத்தைக் குறைத்தேன். அது போய்விட்டது என்று மறுபடி ஆக்சிலரேட்டரை மிதித்தேன். பின்னாலேயே வந்தது இரண்டாவது. மான்கள் பெரும்பாலும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் கடக்கும், முதல் மானைப் பார்த்த உடனே அடுத்ததை எதிர்பார்க்க வேண்டும். தெரிந்த விஷயம்தான். தெரிந்தும் மிதித்தேன். மோதியபோது 50-க்குக் கொஞ்சம் மேலே இருந்திருக்கும். எனக்கு அடி எதுவும் இல்லை. மானைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

வண்டிக்கு அடியில் பச்சையாகக் கூலன்ட் ஒழுகிக்கொண்டிருந்தது. கார்டின் மேல் வளைவு பின்னால் சாய்ந்து பானெட்டை மடக்கியிருந்தது. கீழ்க்கம்பி ஏசி கண்டன்சரைத் தள்ளி, கண்டன்சர் ரேடியேட்டரில் ஏறி, ரேடியேட்டர் ஃபேனில் உட்கார்ந்திருந்தது. ஏர்பேக் விரியவில்லை. அந்த வேகத்தில் அது விரியாமலும் இருக்கலாம் என்பதால் அதைக் கார்டின் தலையில் கட்ட மாட்டேன்.

மெக்கானிக் வண்டியைத் தூக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதை எங்க மாட்டியிருக்கான் பாருங்க." சேஸிஸ் பக்கமே போகவில்லை. பம்பரைத் தாங்கும் மெல்லிய தகட்டில் நாலு போல்ட், அதில் இரண்டுக்கு வாஷர்கூட இல்லை. வெட்டிய பைப்பைக் காட்டினார். மாடிப்படிக் கைப்பிடிக்குப் போடுகிற பைப்தான், உள்ளே துருவும் இருந்தது. எவர்சில்வர் என்று வாங்கியது வெறும் இரும்பில் முலாம்.

அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இதுதான். மோதும்போது வண்டியின் முன்பகுதி நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. நசுங்கி நசுங்கி அந்த வேகத்தைத் தின்றுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வருவது குறையும். கார்டு எதையும் தின்பதில்லை, வாங்கிய அடியைத் தன்னை மாட்டியிருக்கும் இடத்துக்கு அப்படியே கடத்துகிறது. சேஸிஸில் கனமான பிராக்கெட் போட்டு மாட்டியிருந்தால் அடி சேஸிஸுக்குப் போகும். தகட்டில் மாட்டினால் தகடு மடங்கி, கார்டே ஒரு கடப்பாரையாகி உள்ளே வரும். கார்டு இல்லாமல் இருந்திருந்தால் பம்பரும் கிரில்லும் ஒரு ஹெட்லைட்டும் போயிருக்கும், வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்திருப்பாய் என்றார். வேலியே பயிரை மேய்ந்தது.

கடைக்குப் போனேன். கடைக்காரர் கேரண்டிச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தார். துருப்பிடித்தாலோ முலாம் உரிந்தாலோ மட்டும்தான் மாற்றித் தருவார்களாம். மோதல் என்ற சொல்லே அதில் இல்லை. மோதுவதற்காகவே விற்ற பொருள்! "வாயால சொன்னதுக்கெல்லாம் எப்படி சார்" என்றார். சரி, துருவாவது இருக்கிறதே என்று வெட்டிய பைப்பைக் காட்டினேன். வெளியே பிடிக்கும் துருவுக்குத்தான் கேரண்டி, உள்ளே பிடிப்பதற்கு இல்லையாம்.

இன்சூரன்ஸ்காரரின் கேள்வி வேறு: கார்டு மாட்டியதைத் தெரிவித்தீர்களா? இல்லை. அந்த ஒரு சொல்லால் க்ளெய்ம் இரண்டு மாதம் இழுத்தது, கடைசியில் ஒரு பகுதி வெட்டித்தான் கிடைத்தது. மாட்டுவதே சட்டப்படி சரியா என்பதையும் நான் விசாரிக்கவில்லை. நடந்து போகிறவர்மேல் மோதினால் இந்தக் கம்பி ஆளைக் கொன்றுவிடக்கூடும் என்பதால் பல நாடுகளில் கெடுபிடி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலேயே இவற்றுக்குச் சோதனை விதி கொண்டுவந்தது. இந்தியாவில் 2017 டிசம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை மீறுவதாகச் சொல்லி, நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதியது. கடைக்காரர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை, சொல்வார் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

கார்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கங்காரு குதிக்கும் ஆஸ்திரேலியச் சாலைகளில் இது அலங்காரம் இல்லை, தேவை. ஆனால் அங்கே நல்ல தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகச் செய்து, ஏர்பேக்கோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்துத்தான் விற்கிறார்கள். உங்கள் சட்டம் அனுமதித்தால், உங்கள் மாடலுக்கென்றே செய்ததா, ஏர்பேக் சோதனைக்குக் காகிதம் உண்டா என்று கேளுங்கள். வாய் வார்த்தை வேண்டாம், பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாட்டும்போது பக்கத்திலேயே நின்று பிராக்கெட் எதில் போய்ச் சேருகிறது என்று கண்ணால் பாருங்கள். கடைப்பையன் ஒரே கையால் தூக்கிக்கொண்டு வந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். எதையாவது அணைக்க ஃபியூஸைக் கழற்ற வேண்டும் என்றாலும் அப்படியே.

அந்த விசில்? ஒன்றில் மண் அடைத்து ஏதோ பூச்சி கூடு கட்டியிருந்தது. அடைக்காமல் இருந்தாலும் பயனில்லை. வண்டியிலிருந்து வெவ்வேறு ஒலிகளை எழுப்பி மான்களைக் கவனித்த ஜார்ஜியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மோதலைத் தவிர்க்கும்படி அவை நடந்துகொள்ளவில்லை என்று 2009-இல் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டரில் எதிரே வண்டி இல்லாதபோது ஹை பீம், வேகம் 50. 70-இல் மோதினால் அடியின் ஆற்றல் 50-இல் இருப்பதைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மான் வந்தால் நேராகப் பிரேக் மட்டும், ஸ்டியரிங்கை ஒடிப்பதில்லை. மானைத் தப்பவிட்டு மரத்தில் போய் மோதினால் எந்தக் கார்டும் உதவாது.

கார்டு பொருத்திய அன்று கடைக்காரர் என் வண்டியைப் படம் எடுத்தார். அந்தப் படம் இன்னும் கடை வாசல் பலகையில் இருக்கிறது, கீழே 'மான் மோதினாலும் கவலை இல்லை' என்ற வரியோடு. போன வாரம் அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். வண்டி எண்ணை மட்டும் மறைத்திருக்கிறார்.