கண் சொட்டு மருந்து: கடைக்காரர் "மருந்து ஒன்றேதான்" என்று சொன்னால் நம்பி வாங்காதீர்கள்

மும்பை செம்பூரில் எங்களுடன் வசிக்கும் என் தாயாருக்கு, முடக்குவாதத்தோடு சேர்ந்து வந்த கண் வறட்சி பல ஆண்டுகளாக இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்கள் செயற்கைக் கண்ணீர் எனப்படும் சொட்டு மருந்தை நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே, அந்தப் புட்டியில் மருந்தைத் தவிர வேறு என்ன கலந்திருக்கிறது என்பது மற்ற எவரையும்விட இவர்களுக்கு முக்கியம். எங்கள் பகுதியில் உள்ள ஒரு மருந்துக் கடை இந்த இடத்தில்தான் எங்களை ஏமாற்றியது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை; இதே நோயோடு இருக்கும் மற்றவர்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மருத்துவர் என் தாயாருக்கு எழுதிக்கொடுத்தது சோடியம் ஹையலூரோனேட் 0.1 சதவீத சொட்டு மருந்து. பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விட வேண்டும்; இரவில் படுக்கும் முன் களிம்பு தடவ வேண்டும். சீட்டில் 'பிரிசர்வேட்டிவ் ஃப்ரீ' (பதப்பொருள் இல்லாதது) என்று பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே கோடும் போட்டிருந்தார். அந்தக் கோட்டுக்குக் காரணம் உண்டு. திறந்த புட்டியில் கிருமி வளராமல் இருக்கப் பெரும்பாலான சொட்டு மருந்துகளில் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருளைச் சேர்க்கிறார்கள். அது சோப்பைப் போல வேலை செய்கிறது: கிருமியின் மேலுறையைக் கரைத்துக் கொல்லும் அதே குணத்தால், கண்ணீரின் மேலே படர்ந்திருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கலைத்து, கருவிழியின் மேற்புறச் செல்களையும் அரிக்கிறது. நல்ல கண்ணில் ஊறும் கண்ணீர் அதை விரைவில் கழுவிவிடும். வறண்ட கண்ணில் கழுவுவதற்குக் கண்ணீர் ஏது? ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் மருந்து விட வேண்டியவர்கள் பதப்பொருள் இல்லாததையே பயன்படுத்த வேண்டும் என்று கண் மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துவது இதனால்தான்.

பல மாதங்கள் சரியான மருந்தையே வீட்டுக்கு அனுப்பிவந்த கடை, ஒரு நாள் அட்டைப் பெட்டி இல்லாமல் வெறும் புட்டியை மட்டும் அனுப்பியது. பெயர் வேறாக இருக்கிறதே என்று அம்மா தொலைபேசியில் கேட்டதற்கு, "கம்பெனி அலக் ஹை மாஜி, தவாயி ஏக் ஹி ஹை" (கம்பெனிதான் வேறு அம்மா, மருந்து ஒன்றேதான்) என்று இந்தியில் பதில் வந்தது. பெட்டி நசுங்கிவிட்டதால் எறிந்துவிட்டார்களாம். ஆனால் பில்லில் அச்சாகியிருந்தது மருத்துவர் எழுதிய மருந்தின் பெயர். வாங்கிய பணமும் அதன் விலைதான். வந்த புட்டியின் விலையோ அதில் பாதிகூட இல்லை. கையிருப்பு இல்லாத நேரத்தில் வேறொன்றைக் கொடுத்துச் சமாளித்தார்கள் என்று இதைக் கருத என்னால் முடியவில்லை. கையிருப்பு இல்லையென்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம்; பில்லில் ஒரு பெயரும் பையில் வேறொரு மருந்துமாக அனுப்புவதற்குப் பெயர் மோசடி.

மருத்துவர் சொன்ன முறைப்படியே அம்மா அந்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விட்டுக்கொண்டார். எரிச்சல் கூடியது, வெளிச்சத்தைப் பார்க்க இயலவில்லை, கண் சிவந்தது. கடையில் சொன்னபோது, மருத்துவரிடம் போகச் சொல்லாமல், "சிவப்புக்கு இது நல்லது" என்று இன்னொரு புட்டியை அனுப்பினார்கள். அதில் இருந்தது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியும். சில நாட்களில் சிவப்பு மறைந்து, அம்மாவுக்கு நிம்மதியாகவும் இருந்தது. ஸ்டீராய்டின் ஆபத்தே இந்த நிம்மதிதான்: புண் ஆறாமலே அழற்சி அடங்கிவிடும்; உள்ளே கண் அழுத்தம் வலியில்லாமல் ஏறும். மருத்துவ மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் கிளாக்கோமாவும் (பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய்) கண்புரையும் வரக்கூடும்.

அடுத்த பரிசோதனையின்போது மருத்துவர் ஃப்ளோரசின் சாயம் தொட்டு நீல விளக்கில் பார்த்தார். கருவிழியின் கீழ்ப்பாதி முழுவதும் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் செல் உதிர்ந்த இடம். கண் அழுத்தம் சாதாரண வரம்பான 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரையிலான அளவைத் தாண்டியிருந்தது. இரண்டு புட்டிகளையும் வாங்கிப் பார்த்த அவர், முதல் புட்டியின் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார்: கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம்; பதப்பொருளாகப் பென்சால்கோனியம் குளோரைடு. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கெட்ட மருந்தன்று. லேசான வறட்சிக்கு, நாளில் இரண்டு மூன்று முறை விடுபவர்களுக்கு, அது போதும். என் தாயாரின் கண்ணுக்கும் அவர் விடும் தடவைகளுக்கும்தான் அந்தப் புட்டி பொருந்தாது. இரண்டையும் நிறுத்தியபின் அழுத்தம் மெல்ல இறங்கியது. கருவிழி ஆற வாரங்கள் பிடித்தன.

வாங்குபவர்களுக்கு உதவும் சட்டம் இருக்கிறது. 1945ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகளில், கண் மருந்துகளுக்கென்று எஃப்எஃப் என்ற அட்டவணை உள்ளது. பதப்பொருள் சேர்த்திருந்தால் அதன் பெயரையும் அளவையும் சொட்டு மருந்தின் லேபிளில் அச்சிட வேண்டும் என்கிறது அது. மருந்தின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல், 'பிரிசர்வேட்டிவ்' என்று தொடங்கும் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டி இல்லாத புட்டியை வாங்கவே வேண்டாம். டெக்சாமெத்தசோன் போன்றவை எச் அட்டவணையில் வருபவை. மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றை விற்பதே குற்றம். சீட்டில் எழுதிய அத்தகைய மருந்துக்கு மாற்றாக வேறொன்றைத் தருவதையும் விதி 65 தடுக்கிறது.

சிவப்பைப் போக்கும் என்று சொல்லி விற்கப்படும் நாஃபசோலின் வகைச் சொட்டு மருந்துகளையும் கண் வறட்சி உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. அவை இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெண்மையாகக் காட்டுமே தவிர, ஈரம் தருவதில்லை. தொடர்ந்து விட்டால், நிறுத்தும்போது சிவப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பி வரும்.

பதப்பொருள் இல்லாத மருந்தை வாங்கினாலும் கவனம் தேவைப்படுகிறது, ஏனெனில் உள்ளே கிருமி புகுந்தால் தடுக்க அதில் எதுவும் இல்லை. 2023இல் அமெரிக்காவில், பல முறை பயன்படுத்தும் புட்டிகளில் விற்கப்பட்ட பதப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீரோடு தொடர்புபடுத்தப்பட்ட சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று 18 மாநிலங்களில் 81 பேரைப் பாதித்தது, நால்வர் இறந்தனர், பலர் பார்வை இழந்தனர். அந்த மருந்து தயாரானது சென்னைக்கு அருகில் உள்ள ஒரு தொழிற்சாலையில் என்பது எனக்கு இன்றும் வேதனை தருகிறது. ஆகவே, திறந்தபின் விரைவில் எறிந்துவிடும் சிறு பிளாஸ்டிக் குப்பிகளாகவோ, வெளிவந்த சொட்டும் கிருமியும் திரும்ப உள்ளே போகாதபடி வால்வு பொருத்திய புட்டியாகவோ பார்த்து வாங்குங்கள். கையைக் கழுவிவிட்டு, கீழிமையை இழுத்து, புட்டியின் நுனி இமையில் படாமல் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும்; அதற்கு மேல் விடுவது கன்னத்தில்தான் வழியும். இரண்டு வகை மருந்து இருந்தால் ஐந்து முதல் பத்து நிமிட இடைவெளி வேண்டும்; களிம்பு எப்போதும் கடைசியில்.

நாங்கள் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாக அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் பற்றிய குறைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. மருந்தால் உடலுக்கு ஏற்பட்ட தீங்கை 1800-180-3024 என்ற இலவச எண்ணில் எவரும் தெரிவிக்கலாம். இதற்கெல்லாம் மருத்துவர் சீட்டின் நகல், தொகுப்பு எண் அச்சிட்ட பில், மீதி மருந்தோடு கூடிய புட்டி ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். புகார் போனதை அறிந்ததும் கடைக்காரர் வீட்டுக்கே ஆள் அனுப்பி, புட்டிகளைத் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணத்தையும் தந்துவிடுவதாகச் சொன்னார். நாங்கள் கொடுக்கவில்லை. உங்களிடமும் அப்படிக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பில்லில் இருக்கும் பெயருக்கும் வந்த மருந்துக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டும் சான்று அந்தப் புட்டி ஒன்றுதான்.