பசங்க குடிக்காம தடுக்க பெத்தவங்களுக்கு ஒரு வகுப்பு: போலாமா வேண்டாமா?

எங்க ஏரியா பெற்றோர் சங்கமும் சில டீச்சர்களும் சேந்து இலவசமா நடத்தற வகுப்பு இது. போஸ்டர பாத்தப்போ கெட்டுப்போன கல்லீரல் படம், ஆக்ஸிடன்ட் வீடியோ, உறுதிமொழி, குரூப் போட்டோ, அவ்ளோதான் இருக்கும்னு நெனச்சுதான் பேரு குடுத்தேன். 5க்கு 4 குடுக்கலாம். ஏன்னு சொல்றேன்.

மொத விஷயம், பசங்கள உள்ளயே விடல, பெரியவங்களுக்கு மட்டும்தான் வகுப்பு. பசங்களுக்கு சரக்கு எங்கேர்ந்து வருதுன்னு கேட்டதும் எல்லாரும் கடைக்காரங்கள திட்ட ஆரம்பிச்சாங்க, நடத்துறவங்க பொறுமையா கேட்டுட்டு, கடைக்கு முன்னாடி வீட்டு அலமாரியப் பாருங்க, ஃப்ரெண்டோட அண்ணனப் பாருங்க, விசேஷத்துல கண்டுக்காம விடற மாமாவப் பாருங்கன்னாங்க. கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

உடனே ஒருத்தர் எந்திரிச்சு, "வீட்லயே நம்ம கண்ணு முன்னாடி ஒரு வாய் குடுத்துப் பழக்கிட்டா வெளில போய் கெட மாட்டான் சார்"னு சொன்னார். இத நம்பறவங்க நெறைய பேர் இருக்காங்க. அதுக்கு ஆஸ்திரேலியா ஆய்வ எடுத்து வெச்சாங்க, 1,900 பசங்களுக்கு மேல 2010லேர்ந்து 6 வருஷம் பின்தொடர்ந்து பாத்து 2018ல லான்செட் பப்ளிக் ஹெல்த்ங்கற மருத்துவ இதழ்ல வந்தது, பெத்தவங்க கையால குடுத்ததால எந்தப் பாதுகாப்பும் வரல, அந்தப் பசங்க அடுத்த வருஷம் வெளி ஆளுங்க கிட்டயும் வாங்கிக் குடிக்கற வாய்ப்புதான் கூடியிருக்கு. கேள்வி கேட்டவர் அப்புறம் வாயே தொறக்கல.

ஐஸ்லாந்து கதையும் சொன்னாங்க. 1998ல அங்க 15, 16 வயசுப் பசங்கள்ல 42% பேர் முந்தின ஒரு மாசத்துல போதை ஏற குடிச்சிருக்காங்க, 2016ல அது 5% ஆயிடுச்சு. இத பிரசங்கம் பண்ணி சாதிக்கல, வருஷா வருஷம் பசங்க கிட்ட சர்வே எடுத்து ரிசல்ட்ட அந்தந்த ஸ்கூலுக்கே குடுத்து, சாயங்காலம் விளையாட்டு, மியூசிக் க்ளாஸ்னு பசங்கள இழுத்து, ராத்திரி இத்தன மணிக்கு மேல வெளில சுத்தக்கூடாதுன்னு சட்டம் வெச்சு, பெத்தவங்க எல்லாம் ஒண்ணா கையெழுத்து போட்டு ஒரே ரூல வெச்சுக்கிட்டு, இப்படி எல்லாம் சேந்துதான் கொறைஞ்சிருக்கு. சின்ன நாடு, அப்படியே காப்பி அடிக்க முடியாது, ஆனா அந்தக் கையெழுத்து ஐடியா எந்த ஊர்லயும் செய்யலாம். "அவங்க வீட்ல மட்டும் விடறாங்களே"ன்னு பசங்க சொல்ற டயலாக் அத்தோட காலி.

எனக்கு ரொம்பப் புடிச்சது ரோல் ப்ளேதான். ஒருத்தர் அம்மா, ஒருத்தர் பையன், பையன் குடிச்சுட்டு லேட்டா வர்றான், பேசுங்கன்னு சொல்லி விட்டுடுவாங்க. பாதிப் பேர் ரெண்டாவது வரிலயே கத்த ஆரம்பிச்சோம், உடனே நிறுத்தி, "இப்ப பையன் அடுத்த தடவ உண்மைய சொல்லுவானா?"ன்னு கேப்பாங்க. எந்த ராத்திரில மாட்டிக்கிட்டாலும் போன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன், கேள்வியெல்லாம் காலைலதான்னு முன்னாடியே பேசி வெச்சுக்கச் சொன்னாங்க. வீட்ல என் பொண்ணு கிட்ட சொன்னேன், "காலைல மட்டும் எத்தன கேள்வி?"ன்னு கேக்கறா.

கொறைகளும் இருக்கு. கடைல வயசு செக் பண்றாங்களான்னு பாக்கறதப் பத்தி ரெண்டே நிமிஷம் பேசிட்டு விட்டுட்டாங்க. கடைசி வகுப்புல கெஸ்ட்டுன்னு ஒரு அதிகாரிய கூட்டிட்டு வந்து அதே பழைய லெக்சர். போலீஸ்காரர் க்ளாஸுக்கு வந்து போதைப் பழக்கம் வேண்டாம்னு பாடம் எடுக்கற டேர் (D.A.R.E.) திட்டம் 1983ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஆரம்பிச்சு பல நாட்டுக்குப் பரவுச்சு, ஆனா அதோட பழைய பாடத்திட்டத்த ஆராய்ஞ்சு பாத்தப்போ நீடிச்ச பலன்னு பெருசா எதுவும் தேறல, இத தெரிஞ்சவங்களே லெக்சர் ஏற்பாடு பண்ணா எப்படி? வாட்ஸ்அப் குரூப்பும் இப்ப குட் மார்னிங் பூ படத்துக்குப் போயிடுச்சு.

எல்லாத்தயும் விட பெரிய கொறை, வந்தவங்க முக்காவாசி அம்மாக்கள். வீட்ல பாட்டில் வெச்சிருக்கற ஆள் வீட்லயே இருக்கார், பாட்டில எங்க வெக்கணும், எவ்ளோ மிச்சம்னு எப்படிக் குறிச்சு வெக்கணும்னு அவரோட மனைவி நோட்ஸ் எடுத்துட்டு இருக்காங்க. நேரத்த ஞாயித்துக்கிழமைக்கு மாத்தச் சொல்லி ஃபீட்பேக் ஃபார்ம்ல எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த பேட்ச்ல சேர்றவங்க தயவுசெஞ்சு ரெண்டு பேரும் சேந்து போங்க, பத்து பன்னெண்டு வயசுல பசங்க இருக்கும்போதே போயிட்டா இன்னும் நல்லது.