ஸ்கேன் நார்மல், தலைவலி மட்டும் போகவில்லை

கனடாவின் ஆட்டாவாவிலிருந்து ஊருக்கு வந்தால் பல், கண், இரத்தப் பரிசோதனை என்று ஒரு பட்டியலோடுதான் வருவோம். இந்த முறை பட்டியலில் இல்லாத ஒன்று முந்திக்கொண்டது. அக்கா மகன் கல்லூரியிலிருந்து திரும்பும்போது, வர்ணம் பூசாத வேகத்தடை ஒன்றில் பைக்கோடு தூக்கி எறியப்பட்டான். ஹெல்மெட்டின் வாரையும் மாட்டியிருந்ததால் மண்டை தப்பியது. ஆனால் விழுந்ததும் அதற்கு முந்தைய சில நிமிடங்களும் அவன் நினைவில் இல்லை.

பாராட்ட வேண்டியதை முதலில் பாராட்டிவிடுகிறேன். 108 ஆம்புலன்ஸ் நாங்கள் நினைத்ததைவிட விரைவாக வந்தது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு செலவில் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. பையனைச் சேர்த்த தனியார் மருத்துவமனை அதில் இணைந்திருந்ததால் யாரும் முன்பணம் கேட்கவில்லை. பணியிலிருந்த இளம் மருத்துவர் எத்தனை முறை வாந்தி எடுத்தான், எவ்வளவு நேரம் நினைவில்லை என்று கேட்டார். காதுக்குப் பின்னால் கன்றியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். தலையில் அடிபட்டவர்களில் யாருக்கு சிடி ஸ்கேன் தேவை என்பதற்கு, எங்கள் ஆட்டாவாவைச் சேர்ந்த இயன் ஸ்டீல் குழுவினர் 2001இல் வெளியிட்ட விதி கேட்பதும் இவற்றைத்தான். சற்று நேரத்தில் ஸ்கேனும் முடிந்தது. கனடாவில் அவசரப் பிரிவின் நாற்காலிகளில் விடிய விடியக் காத்திருந்தவனுக்கு இதன் அருமை தெரியும்.

மறுநாள் “ஸ்கேன் நார்மல், வீட்டுக்குப் போகலாம்” என்றார்கள். கையில் கொடுத்த தாளில் ஸ்கேன் முடிவு, மாத்திரைப் பெயர்கள், மறுபடி வரவேண்டிய தேதி. அவ்வளவுதான். இனி தலை வலிக்கலாம், வலித்தால் என்ன செய்வது, எதற்குப் பயந்து ஓடிவர வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. என் குறை இது ஒன்றுதான். ஆனால் சிறிய குறை இல்லை.

சிடி ஸ்கேன் இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்ந்ததைக் காட்டாது. ஸ்கேன் சுத்தமாக இருந்தவர்களுக்கும் தலைவலி வரும். அடிபட்ட ஏழு நாட்களுக்குள் தொடங்குவதைக் காயத்துக்குப் பிந்தைய தலைவலி என்றும், மூன்று மாதங்களைத் தாண்டினால் நீடித்த வகை என்றும் சர்வதேச வகைப்பாடு பிரிக்கிறது. பையனுக்கு ஓரிரு நாட்களிலேயே தொடங்கிவிட்டது. வலப்பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும் வலி, குமட்டல், ஜன்னல் வெளிச்சம் பட்டாலே முகச்சுளிப்பு.

தலையில் அடிபட்டவன் அசையவே கூடாது என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அக்காவும் திரையை இழுத்துவிட்டு அவனைப் படுக்கையிலேயே வைத்திருந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. மருத்துவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்ச்சி வல்லுநர்கள் மறு ஆண்டு வெளியிட்ட அறிக்கை வேறு சொல்கிறது. முதல் ஓரிரு நாட்கள் ஓரளவு ஓய்வு, செல்போன் திரையைக் குறைப்பது, பிறகு வலி கூடாத அளவுக்கு நடை. பஃபலோ பல்கலைக்கழகத்தின் ஜான் லெடி குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டில் அடிபட்ட பதின்வயதினரில் மிதமான உடற்பயிற்சி செய்தவர்கள் சுமார் 13 நாட்களில் தேறினார்கள். கைகால் நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாட்கள் ஆயின.

படுக்கையைவிட என்னைப் பயமுறுத்தியது தலையணைக்கு அடியில் கிடந்த மாத்திரை அட்டைகள். வலிக்கும்போதெல்லாம் தெருமுனை மெடிக்கலில் வாங்கியவை, காஃபீன் கலந்த கூட்டு மாத்திரைகள். இவற்றை மாதத்தில் பத்து நாட்களுக்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேலாக விழுங்கினால் மாத்திரையே தலைவலியை நிலைக்க வைத்துவிடும். தனிப் பாராசிட்டமாலுக்கு அந்த எல்லை 15 நாட்கள். கடைக்காரர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. மருத்துவமனை சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். கூட்டம் நெருக்கியது, ஆனாலும் அந்த அம்மையார் அவசரப்படவில்லை. “வீட்டில் வேறு யாருக்காவது ஒற்றைத் தலைவலி உண்டா?” என்று கேட்டதும் அக்கா தன்னையே காட்டினாள். கர்நாடகத்தில் நடந்த ஓர் ஆய்வின்படி அங்கே நான்கில் ஒருவருக்கு ஆண்டில் ஒருமுறையேனும் அது வருகிறது. தலைவலி நாட்குறிப்பு எழுதச் சொன்னார். பையன் வீட்டு மாதக் காலண்டரைக் கழற்றி, வலித்த நாளுக்குச் சிவப்புப் புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு நீலக் கோடு என்று குறித்தான். அடுத்த முறை அவர் ஸ்கேன் படத்தை ஓரமாக வைத்துவிட்டு அந்தக் காலண்டரைத்தான் வெகுநேரம் பார்த்தார். கூட்டு மாத்திரைகளை நிறுத்தினார், இரவுக்கு ஒரு தடுப்பு மருந்து கொடுத்தார், காலையும் மாலையும் நடக்கச் சொன்னார்.

அடிபட்டதால் வரும் வலிக்கு ஒற்றைத் தலைவலி மருந்து எதற்கு என்று கேட்டேன். பொறுமையாக விளக்கினார். ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்ற புரதத் துணுக்கை, அடிபட்டு நீடித்த தலைவலி உள்ளவர்களின் இரத்தத்தில் டென்மார்க் ஆய்வாளர்கள் செலுத்திப் பார்த்தார்கள். பலருக்கு ஒற்றைத் தலைவலி போன்ற வலியே கிளம்பியது. இரண்டுக்கும் பாதை ஓரளவு ஒன்றுதான். ஆனால் அந்தத் துணுக்கைத் தடுக்கும் புதிய ஊசிகள் அடிபட்டவர்களுக்குப் பலன் தரும் என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை, அவற்றின் பின்னால் பணத்தைக் கொட்ட வேண்டாம் என்றும் சொன்னார். வணக்கத்துக்குரிய நேர்மை.

“தம்பி, எனக்கும் கேளேன்” என்றாள் அக்கா. மருந்தோடு யோகாவும் செய்தவர்களுக்கு ஒற்றைத் தலைவலி வருவது குறைந்ததாக டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2020இல் வெளியிட்டிருக்கிறார்கள். மதுரை மருத்துவரும் மருந்தை விடாமல் யோகாவையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

நாங்கள் வசிக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் என் மகள் கால்பந்துக் குழுவில் பெயர் கொடுக்கும் ஒவ்வோர் ஆண்டும், மூளையதிர்ச்சி பற்றிய குறிப்பைப் படித்ததாக நான் உறுதிசெய்ய வேண்டும். 2013இல் ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இறந்த 17 வயது ரோவன் ஸ்டிரிங்கரின் பெயரால் 2018இல் வந்த சட்டம் அது. பைக் விபத்துகள் மலிந்த நம் ஊரில் அப்படி ஒரு தாள் இன்னும் அதிகமாகத் தேவை. வலி ஏறிக்கொண்டே போனால், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், எழுப்ப முடியாமல் தூங்கினால், வலிப்பு வந்தால், கை கால் தளர்ந்தால் உடனே மருத்துவமனை. மற்ற நாட்களில் நடை, தூக்கம், மாத்திரைக் கணக்கு. தமிழில் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். மதுரை மருத்துவரே திருத்திக் கொடுத்த வாசகத்தோடு, முதலில் பார்த்த மருத்துவமனையின் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் வரவில்லையென்றால் மாவட்டச் சுகாதார அதிகாரிக்கு எழுதுவேன்.